‘வால்வு என்றால் இரையத்தான் செய்யும்’ என்று சொல்வதை நிறுத்துவோம்



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் வால்வு அம்ப்ளிபயர் கட்டும் தம்பிமாருக்கும், ‘இந்தப் பழைய சாமானோடு என்னதான் செய்கிறான் இவன்’ என்று கவலைப்படும் வாப்பா, உம்மாமாருக்கும் சேர்த்தே எழுதுகிறோம். பொறுமையாக வாசியுங்கள்.

வால்வு அம்ப்ளிபயர் ஒன்றைப் போட்டதும் பாட்டு வருவதற்கு முன்பே ‘ம்ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல் வருகிறது. கேட்டால், “வால்வு என்றால் இரையத்தான் செய்யும்” என்கிறார்கள். இது பிழையான பேச்சு. ஒழுங்காகக் கட்டிய வால்வு அம்ப்ளிபயரில், ஸ்பீக்கருக்குக் கிட்டப் போய்க் காதை வைத்தால்தான் ஏதோ கேட்கும். அறை முழுக்க இரைகிறது என்றால் எங்கோ ஒரு காரணம் இருக்கிறது. காரணம் இருந்தால் அதைத் தேடிப் பிடிக்கலாம்.

தேடாமல் நம் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? மூன்று வேலைகளைக் காண்கிறோம். ஒன்று, பேஸைக் குறைத்துவிடுகிறார்கள். இரைச்சலோடு சேர்ந்து பாட்டின் பாதியும் போய்விடுகிறது. இரண்டு, யாரோ வீடியோவில் சொன்னார் என்று ஹீட்டருக்கு உடனே டீசி கொடுக்கப் போகிறார்கள். மூன்றாவதுதான் பயங்கரமானது. பிளக்கில் எர்த்தைக் கழற்றிவிடுகிறார்கள். “எர்த்தைக் கழற்றினதும் சத்தம் நின்றுவிட்டது சேர்” என்று சந்தோஷமாக வந்து சொல்லும் பிள்ளையை நினைத்தால் நமக்கு வயிறு கலங்குகிறது.

ஆகவே நமது கருத்து இதுதான். இரைச்சலை மறைக்கக் கூடாது. அது எந்த வாசலால் வருகிறது என்று ஒவ்வொன்றாகச் சோதித்து, அந்த வாசலை மட்டும் மூட வேண்டும். பெரும்பாலும் அதற்குத் தேவைப்படுவது இரண்டு சின்ன ரெசிஸ்டரும் கொஞ்சம் வயரும் பொறுமையும்தான்.

*முதலில் காதைத் தீட்டுவோம்*

நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ற்று, 50 ஹேர்ட்ஸ். அம்ப்ளிபயரில் வரும் இரைச்சல் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று 50 ஹேர்ட்ஸ், மற்றது 100 ஹேர்ட்ஸ்.

வால்வைச் சூடாக்கும் 6.3 வோல்ற்று ஆடலோட்டம் 50 ஹேர்ட்ஸில் ஓடுகிறது. அதிலிருந்து கசிவது 50 ஹேர்ட்ஸாகவே வரும். அது கனமான, மெதுவான ‘ம்ம்ம்’. உயர் வோல்ற்றளவை, அதாவது 250, 300 வோல்ற்று நேரோட்டத்தைத் தரும் பகுதியில் முழு அலைச் சீராக்கல் நடப்பதால் அங்கே மிஞ்சும் அலை 100 ஹேர்ட்ஸ். அது ஒரு ஸ்தாயி மேலே, கொஞ்சம் கரகரப்பாகக் கேட்கும். கீபோர்ட் வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு இது இன்னும் இலகு. அடிப்பக்கத்தில் 49 ஹேர்ட்ஸில் ஒரு ‘ஜி’ கட்டை, 98 ஹேர்ட்ஸில் அடுத்த ‘ஜி’ கட்டை. எதற்குக் கிட்ட இரைகிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள். போனில் மீடிறனைக் காட்டும் இலவச செயலிகளும் உண்டு. ஆனால் போனின் மைக் 50 ஹேர்ட்ஸைச் சரியாகப் பிடிக்காது. காதையும் கீபோர்டையும் நம்புவது நல்லது.

100 ஹேர்ட்ஸ் என்றால் ஹீட்டர் வயரில் கைவைக்காதீர்கள். வடிகட்டும் கண்டென்சர் பழுதாகியிருக்கும், அல்லது போதாமல் இருக்கும். பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய கண்டென்சர் என்றால் அதன் காலம் எப்போதோ முடிந்திருக்கும். 50 ஹேர்ட்ஸ் என்றால்தான் இந்தப் பதிவின் மிச்சம் உங்களுக்கு வேண்டும்.

*இது நூறு வருடத்துப் பழைய பிரச்சினை*

வால்வுக்குள் சூடான ஒரு பகுதியிலிருந்து இலத்திரன்கள் வெளியேற வேண்டும். ஆரம்ப கால வால்வுகளில் பிலமென்ட் என்ற அந்த இழையே இலத்திரனையும் வெளிவிட்டது. அதற்கு ஆடலோட்டம் கொடுத்தால், கதோட்டே மேலும் கீழும் ஆடுவது போலாகிவிடும். இரையாமல் என்ன செய்யும்? அதனால்தான் அந்தக் கால வானொலிகள் பற்றரியில் ஓடின. வீட்டு மின்சாரத்தில் ஓட்ட வேண்டும் என்று வந்தபோது, பொறியியலாளர்கள் இழையைத் தனியாகவும் இலத்திரனை வெளிவிடும் கதோட்டைத் தனியாகவும் பிரித்தார்கள். சின்னக் குழாய் போன்ற கதோட்டு, அதற்குள்ளே காப்பிடப்பட்ட ஹீட்டர். 1920களின் பிற்பகுதியில் இந்த வகை வால்வுகள் சந்தைக்கு வந்தன. இரைச்சலை வெல்வதற்காகவே ஒரு வால்வின் அமைப்பையே மாற்றினார்கள் என்று விளங்குகிறதா? ‘இரையத்தான் செய்யும்’ என்று அவர்கள் சும்மா இருக்கவில்லை.

நாம் இன்று பாவிக்கும் ஈசிசி83, ஈஎல்84, 6வி6 எல்லாமே இந்த இரண்டாவது வகை. 300பி, 2ஏ3 போன்றவை மட்டும் இன்னும் பழைய முறை. அவற்றில் இழையே கதோட்டு. பேச்சு வழக்கில் எல்லாவற்றையும் ‘பிலமென்ட்’ என்றுதான் சொல்கிறோம், பரவாயில்லை. ஆனால் வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். ஒன்றுக்குப் பொருந்தும் வைத்தியம் மற்றதற்கு அப்படியே பொருந்தாது.

*மூன்று வாசல்கள்*

ஹீட்டரிலிருந்து இரைச்சல் மூன்று வழியால் உள்ளே வருகிறது.

முதல் வாசல் காந்தப்புலம். ஒரு ஈசிசி83 உம் இரண்டு ஈஎல்84 உம் உள்ள சின்ன ஸ்டீரியோ அம்ப்ளிபயரை எடுத்துக்கொள்வோம். ஈசிசி83க்கு 6.3 வோல்ற்றில் 0.3 அம்பியர், ஈஎல்84 ஒவ்வொன்றுக்கும் 0.76 அம்பியர். மொத்தம் 1.82 அம்பியர் ஆடலோட்டம் ஹீட்டர் வயரில் ஓடுகிறது. போகும் வயரும் வரும் வயரும் விலகி இருந்தால் அது ஒரு பெரிய வளையம். பக்கத்திலுள்ள சிக்னல் வயரில் அது மின்னைத் தூண்டும். சாதாரண தரத்தில் நாம் படிப்பிக்கும் மின்காந்தத் தூண்டல்தான் இது.

இரண்டாம் வாசல் மின்புலம். ஹீட்டர் வயரும் கிரிட் வயரும் தொடாவிட்டாலும் அவற்றுக்கிடையே மிகச் சிறிய கொள்ளளவம் இருக்கிறது. 1 பிக்கோ பரட் என்று வைப்போம். 50 ஹேர்ட்ஸில் அதன் தடுப்பு ஏறத்தாழ 3,180 மெகா ஓம். கிரிட்டிலிருந்து பூமிக்கு 1 மெகா ஓம் ரெசிஸ்டர் போட்டிருக்கிறோம். 6.3 வோல்ற்றை இந்த விகிதத்தில் பிரித்தால் கிரிட்டில் வருவது ஏறத்தாழ 2 மில்லிவோல்ற்று. “இதென்ன, ஒன்றுமில்லையே” என்பீர்கள். முழுச் சத்தத்துக்கு 300 மில்லிவோல்ற்று சிக்னல் வேண்டுமென்றால், இரைச்சல் அதில் 150இல் ஒரு பங்கு. இரவு அமைதியில் அது நன்றாகக் கேட்கும். மைக்கிலிருந்து வரும் சிக்னலே சில மில்லிவோல்ற்றுதான். அங்கே பேச்சும் இரைச்சலும் சரிக்குச் சரி நிற்கும். உயர்தரப் பிள்ளைகள் இந்தக் கணக்கை ஒரு தடவை செய்து பாருங்கள். 1 மெகா ஓமுக்குப் பதில் 100 கிலோ ஓம் போட்டால் இரைச்சல் பத்தில் ஒன்றாகிவிடும் என்பதையும் அதே கணக்கு சொல்லும்.

மூன்றாம் வாசல் வால்வுக்குள்ளே இருக்கிறது. ஹீட்டரைச் சுற்றியுள்ள காப்பு பூரணமானதல்ல. அதனூடாகக் கதோட்டுக்குக் கசிவு உண்டு. தவிர, சூடான ஹீட்டரும் இலத்திரனை வெளிவிடும். கதோட்டை விட ஹீட்டர் எதிர்ப்பக்கம் போகும் ஒவ்வொரு அரைச் சுற்றிலும் அந்த இலத்திரன்கள் கதோட்டுக்குப் போகின்றன. வெளியே வயரை எவ்வளவு அழகாக ஓட்டினாலும் இந்த வாசல் மூடாது.

*எந்த வாசல் என்று கண்டுபிடிப்பது*

பழைய திருத்துநர்களின் அழகான ஒரு சோதனை இருக்கிறது. வால்வு சூடாக இருக்கும்போது ஹீட்டர் மின்சாரத்தை மட்டும் நிறுத்தினால், கதோட்டு உடனே ஆறாது. சில விநாடிகளுக்குப் பாட்டு தொடர்ந்து வரும். அந்த விநாடிகளில் இரைச்சல் மட்டும் சட்டென்று நின்றால், குற்றவாளி ஹீட்டர்தான். நிற்காவிட்டால் வேறு இடத்தில் தேடுங்கள். இதற்கு, மின்சாரம் இல்லாத நேரத்தில் 6.3 வோல்ற்று வயரில் ஒரு சுவிட்சைப் பூட்டி, அதைப் பெட்டிக்கு வெளியே வைத்துக்கொள்ள வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் அம்ப்ளிபயருக்குள் கைவிட்டு வயரைக் கழற்றுவதல்ல சோதனை.

அடுத்தது, முதல் வால்வின் கிரிட்டைப் பூமியோடு சேர்த்துப் பார்ப்பது. இதுவும் மின்சாரத்தை நிறுத்தி, கண்டென்சர்களை இறக்கிய பிறகு. திரும்பப் போட்டதும் இரைச்சல் போய்விட்டால் அது கிரிட் பக்கத்தால் வருகிறது, அதாவது முதலாம் இரண்டாம் வாசல். அப்படியே இருந்தால் மூன்றாம் வாசலை, அல்லது பின்னாலுள்ள வால்வைச் சந்தேகியுங்கள்.

இன்னொரு நோயும் ஹீட்டர் போலவே நடிக்கும். மெயின் ட்ரான்ஸ்போமரின் காந்தப்புலம் நேரடியாக ஸ்பீக்கர் ட்ரான்ஸ்போமரில் ஏறுவது. எல்லா வால்வையும் கழற்றிவிட்டு மின்சாரத்தைப் போட்டுப் பாருங்கள். அப்போதும் ஸ்பீக்கரில் இரைந்தால் அதுதான். ஒன்றை மற்றதற்குச் செங்குத்தாகத் திருப்பி, இடைவெளியைக் கூட்டுங்கள். ட்ரான்ஸ்போமர்களைப் பூட்டி இறுக்குவதற்கு முன்பே இந்தச் சோதனையைச் செய்தால் செஸியில் வீணாக ஓட்டை போட வேண்டி வராது.

*வைத்தியம், வரிசைப்படி*

ஒன்று. ஹீட்டர் வயர் இரண்டையும் இறுக்கமாக முறுக்குங்கள். போகும் ஓட்டத்தின் புலத்தை வரும் ஓட்டம் அழித்துவிடும். முறுக்கிய சோடியைச் செஸியின் மூலையோடு ஒட்டி ஓட்டுங்கள். முதலில் பெரிய வால்வுகளுக்கு, கடைசியில் சின்ன வால்வுக்கு. சொக்கெட்டில் பூட்டும் இடம் வரை முறுக்கு கலையக் கூடாது. கிரிட் வயர் குட்டையாக இருக்கட்டும். ஹீட்டர் வயரைக் கடக்க வேண்டி வந்தால் செங்குத்தாகக் கடக்கட்டும். எக்காரணம் கொண்டும் செஸியை ஒரு வயராகப் பாவிக்காதீர்கள். பழைய ரேடியோக்களில் ஹீட்டரின் ஒரு முனையைச் செஸியில் ஒட்டிவிடுவது வழமை. சின்ன ஸ்பீக்கரில் அது கேட்டிருக்காது. இன்று நாம் பூட்டும் பெரிய ஸ்பீக்கரில் கேட்கும்.

இரண்டு. நடுப்புள்ளியைப் பூமியோடு சேருங்கள். 6.3 வோல்ற்றின் ஒரு முனை பூமியில் இருந்தால் மறுமுனை முழு 6.3ஐயும் ஆடுகிறது. நடுப்புள்ளி பூமியில் இருந்தால் ஒரு பக்கம் 3.15 மேலே போகும்போது மறுபக்கம் 3.15 கீழே போகிறது. கிரிட்டில் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பழைய ரேடியோவில் கழற்றிய ட்ரான்ஸ்போமரில் நடு வயர் இருக்காது. கவலை வேண்டாம். 100 ஓம் ரெசிஸ்டர் இரண்டை எடுத்து, ஒவ்வொரு முனையிலிருந்தும் ஒன்றைப் பூமிக்குப் போடுங்கள். ஒவ்வொன்றிலும் செலவாவது 0.1 வாற்றுதான், அரை வாற்று ரெசிஸ்டர் தாராளம். இரண்டும் மீற்றரில் ஒரே அளவைக் காட்ட வேண்டும்.

மூன்று. அப்படியும் கொஞ்சம் மிஞ்சினால், அந்த இரண்டு ரெசிஸ்டருக்குப் பதிலாக 100 ஓம், 2 வாற்று கம்பிச் சுற்று வொலியூம் கொன்ட்ரோல் ஒன்றைப் போட்டு, அதன் நடு முனையைப் பூமிக்குக் கொடுங்கள். மெதுவாகத் திருப்பும்போது ஓர் இடத்தில் இரைச்சல் அப்படியே அமுங்கிவிடும். சரியான நடுவில் அது இருக்காது. ஏனென்றால் சொக்கெட்டில் ஹீட்டரின் ஒரு காலும் மற்றக் காலும் கிரிட்டிலிருந்து ஒரே தூரத்தில் இல்லை. காதால் தேடிப் பிடிக்கும் இடம்தான் சரியான இடம்.

நான்கு. மூன்றாம் வாசலுக்கு, ஹீட்டர் முழுவதையும் கதோட்டை விட மேலே தூக்கி வைக்க வேண்டும். 300 வோல்ற்றிலிருந்து 220 கிலோ ஓம், அதன் கீழே 33 கிலோ ஓம். நடுவில் ஏறத்தாழ 39 வோல்ற்று கிடைக்கும். கீழ் ரெசிஸ்டருக்குக் குறுக்கே 100 வோல்ற்றுத் தாங்கும் 22 அல்லது 47 மைக்ரோ பரட் கண்டென்சர். மேல் ரெசிஸ்டர் 1 வாற்றுக்குக் குறையாமல் இருக்கட்டும். ஹீட்டரின் நடுப்புள்ளியைப் பூமியிலிருந்து கழற்றி இந்த 39 வோல்ற்றோடு சேருங்கள். இப்போது ஹீட்டர் எப்போதும் கதோட்டை விட நேர்ப்பக்கத்தில் இருப்பதால் அதன் இலத்திரன்கள் கதோட்டுக்குப் போகா. ‘கூட்டினால் இன்னும் நல்லதுதானே’ என்று அளவு மீறாதீர்கள். ஹீட்டருக்கும் கதோட்டுக்கும் இடையே ஈஎல்84 தாங்குவது 100 வோல்ற்று. 40 போதும். ஹீட்டரைப் பூமியோடும் சேர்க்காமல் இந்த 39 வோல்ற்றோடும் சேர்க்காமல் அந்தரத்தில் விடுவது மட்டும் கூடவே கூடாது.

ஐந்து. வேறொரு ஈசிசி83ஐ மாற்றிப் பாருங்கள். ஒரே பெயர், ஒரே கம்பனி என்றாலும் ஒவ்வொரு வால்வின் கசிவும் வேறு. முதல் இடத்துக்கு அமைதியானதைத் தெரிவு செய்து, மற்றதைப் பின்னால் போடுங்கள்.

ஒரே நேரத்தில் இரண்டு மாற்றம் செய்யாதீர்கள். ஒன்றைச் செய்து, கேட்டு, கொப்பியில் எழுதி, பிறகு அடுத்தது. எதனால் குணமானது என்று தெரியாவிட்டால் அடுத்த அம்ப்ளிபயரில் மறுபடியும் ஆரம்பத்திலிருந்துதான்.

*டீசி வேண்டாமா?*

வேண்டாம் என்று சொல்லவில்லை. முதல் மருந்து அதுவல்ல என்கிறோம். மைக், இசைத்தட்டு போன்ற மிகச் சிறிய சிக்னலைப் பெருக்கும் முதல் வால்வுக்கு டீசி நியாயம். 300பி போன்ற நேரடி இழை வால்வுகளுக்கும் நியாயம். அவற்றில் ஆடலோட்டத்தைச் சமப்படுத்தி 50 ஹேர்ட்ஸை அழித்தாலும் 100 ஹேர்ட்ஸ் கொஞ்சம் மிஞ்சும்.

ஆனால் சாதாரண ஈஎல்84 அம்ப்ளிபயருக்கு என்ன நடக்கிறது? 6.3 வோல்ற்றைச் சீராக்கினால் உச்சம் 8.9. பிரிஜில் இரண்டு இருவாயிகள் 1.4ஐ எடுக்கும். மிஞ்சுவது 7.5, அதுவும் ஒவ்வொரு சுற்றிலும் கீழே இறங்கும். அதில் 7806 ரெகியுலேற்றரைப் பூட்டுகிறார்கள். அது 6 வோல்ற்றைத் தர உள்ளே குறைந்தது 8 வேண்டும். ஆகவே அது ஒழுங்காக வேலை செய்யாது, இரைச்சல் 50இலிருந்து 100க்கு மாறும், அவ்வளவுதான். அதற்கு மேல், சீராக்கி கண்டென்சரை நிரப்பும்போது ட்ரான்ஸ்போமரின் ஓட்டம் ஏறத்தாழ 1.6இலிருந்து 1.8 மடங்கு வரை கூடும். 2 அம்பியருக்குச் சுற்றிய பழைய ட்ரான்ஸ்போமர் இதில் கொதித்துப் புகைந்துவிடும். இரண்டு ரெசிஸ்டரோடு முடிய வேண்டிய வேலைக்கு ஒரு நல்ல ட்ரான்ஸ்போமரைப் பலி கொடுக்கலாமா?

*எர்த்தில் கைவைக்காதீர்கள்*

இது கருத்தல்ல, மன்றாட்டம்.

எர்த்தைக் கழற்றியதும் இரைச்சல் நின்றால் அதற்கு அர்த்தம், அம்ப்ளிபயரும் அதோடு சேர்த்த மற்றச் சாதனமும் இரண்டு வழியால் பூமியோடு சேர்ந்து ஒரு வளையமாகியிருக்கிறது என்பதே. ஹீட்டருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இரண்டையும் ஒரே மல்டி பிளக்கில் போடுங்கள். உள்ளே சிக்னல் பூமியைச் செஸியோடு ஒரே ஓர் இடத்தில் மட்டும் சேருங்கள். அப்படியும் நிற்காவிட்டால் சிக்னல் வயரில் ஒரு சின்ன ஓடியோ ட்ரான்ஸ்போமரைப் போடுங்கள். செஸியிலிருந்து மூன்று முனைப் பிளக்கின் எர்த்துக்குப் போகும் வயர் மட்டும் அப்படியே இருக்க வேண்டும்.

ஐம்பது, அறுபது வருடத்துப் பழைய ட்ரான்ஸ்போமரின் காப்பு எப்போது உடையும் என்று யாருக்கும் தெரியாது. உடைந்தால் செஸியில் 230 வோல்ற்று. எர்த் இருந்தால் பியூஸ் போகும், டிரிப் சுவிட்ச் விழும். இல்லாவிட்டால் விழுவது தொடும் பிள்ளை. பேனா முனையால் சொக்கெட்டின் எர்த் ஓட்டையைக் குத்தித் திறந்து இரண்டு முனைப் பிளக்கைச் செருகும் பழக்கம் நம் வீடுகளில் சாதாரணமாகிவிட்டது. வால்வு வேலை செய்யும் மேசையில் அந்தப் பழக்கத்துக்கு இடமே இல்லை.

இன்னும் மூன்று விடயம். பிளக்கைக் கழற்றிய பிறகும் கண்டென்சர்களில் 300 வோல்ற்று நிற்கும். உயர் வோல்ற்றுக்கும் பூமிக்கும் இடையே 220 கிலோ ஓம், 2 வாற்று ரெசிஸ்டரை நிரந்தரமாகப் பூட்டுங்கள். தொடுவதற்கு முன் மீற்றரால் அளந்து பாருங்கள். மின்சாரம் உள்ளபோது அளக்க வேண்டி வந்தால் ஒரு கை பொக்கெட்டில் இருக்கட்டும், பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருக்கட்டும். கடைசியாக, ட்ரான்ஸ்போமரே இல்லாத பழைய ரேடியோக்கள் உண்டு. வால்வின் பெயர் ‘யூ’ என்று தொடங்கும், ஹீட்டர்கள் ஒன்றன் பின் ஒன்றாக நேரே வீட்டு மின்சாரத்தில் நிற்கும், செஸியே மின் ஏறியிருக்கக்கூடும். அதை அம்ப்ளிபயராக மாற்றும் ஆசையை விட்டுவிடுங்கள்.

*இதையெல்லாம் ஏன் ஊருக்கு எழுதுகிறோம்?*

இந்த நாட்டின் ஒலிபரப்பே கையால் கட்டிய சாமானிலிருந்துதான் பிறந்தது. தந்தித் திணைக்களத்தில் பொறியியலாளராக இருந்த எட்வேர்ட் ஹார்ப்பர், பிடிபட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின் வானொலிப் பாகங்களை வைத்துத்தான் பரீட்சார்த்த ஒலிபரப்பைச் செய்தார். 1925 டிசம்பர் 16இல் கொழும்பு வானொலி தொடங்கியது. அதற்குப் பிறகு ஊருக்கு ஒரு ‘ரேடியோ நானா’ இருந்தார். இரைச்சலைக் கேட்டே “கண்டென்சர் போயிட்டு” என்று சொல்லும் காது அவருக்கு இருந்தது. எந்தச் சான்றிதழும் அவரிடம் இருக்கவில்லை. அந்தக் காது எந்தப் புத்தகத்திலும் எழுதப்படவில்லை. இன்று அந்தப் பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய சாமான் பழைய இரும்புக்காரனிடம் நிறைக்குப் போகிறது.

மறுபக்கம் நம் பிள்ளைகள். ஆடலோட்டம், கொள்ளளவி, தூண்டல் எல்லாவற்றிலும் கடந்தகால வினாத்தாள் செய்கிறார்கள். புள்ளி எடுக்கிறார்கள். ஆனால் 2 மில்லிவோல்ற்று என்றால் என்ன என்று காதால் கேட்டதில்லை. வகுப்பறையில் நாம் எத்தனை தடவை விளங்கப்படுத்தினாலும், நடுப்புள்ளியைப் பூமியோடு சேர்த்த அந்தக் கணத்தில் இரைச்சல் அமுங்குவதைக் கேட்ட பிள்ளைக்கு விளங்குவது போல் வராது. அதற்காகப் பாடத்திட்டத்தைக் குறை சொல்லிக்கொண்டு இருக்கத் தேவையில்லை. ஒரு சனிக்கிழமை, ஒரு பழைய ரேடியோ, பக்கத்தில் ஒரு பெரியவர், அது போதும்.

ஊரின் பெரிய மைக் செட் இரையும்போதும் இதே பாடம்தான். அங்கே வால்வு இல்லை, ஹீட்டரும் இல்லை. ஆனால் ‘அது அப்படித்தான்’ என்று வருடக்கணக்கில் இரைய விடுகிறோம். ஒரு வயராகக் கழற்றிப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் ஒரு பழுதான மைக் வயர், அல்லது இரண்டு இடத்தில் சேர்ந்த பூமி.

வாப்பாமாரே, பிள்ளை பழைய ரேடியோவைக் கொண்டுவந்தால் உடனே வெளியே எறியச் சொல்லாதீர்கள். முதலில் வீட்டின் எர்த் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்துக் கொடுங்கள். ஒரு நல்ல மீற்றர் வாங்கிக் கொடுங்கள். தனியாகச் செய்ய விடாமல் கூட இருங்கள். ரேடியோ நானாமாரே, கடையை மூடிவிட்டோம் என்று ஒதுங்காதீர்கள். பிள்ளைகளோடு ஒரு பின்னேரம் உட்காருங்கள். ஆசிரியத் தோழர்களே, உங்கள் ஆய்வுகூட அலைவுகாட்டியைத் தூசு தட்டி வெளியே எடுங்கள். 50 ஹேர்ட்ஸ் அலை எப்படி இருக்கும் என்று பிள்ளைகள் கண்ணாலும் பார்க்கட்டும்.

தம்பிமாரே, இன்றே செஸியைத் திருப்பி ஹீட்டர் வயரைப் பாருங்கள். முறுக்கியிருக்கிறதா? நடுப்புள்ளி எங்கே போகிறது? அங்கிருந்து தொடங்குங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு, கண்டென்சரை அளந்துவிட்டு.